கதவைத் திறந்த கை

நாளைக் காலை பூந்தமல்லியில் ஒரு வீட்டு வாசலில், இறந்தவரைக் கிடத்தும் ஃப்ரீசர் பாக்ஸை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்து நிற்க ஏற்பாடாகியிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் இறக்கவில்லை. வண்டியை வரச் சொன்னது நீ என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தவும் உன்னால்தான் முடியும். நேரில் பேசியபோது நான் உனக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை எழுதும்போது நீ பக்கத்து அறையில் இருக்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது. வரைபலகையில் உன் பேனா உரசும் சத்தம் இங்கே கேட்கிறது. உன் பெட்டி, படுக்கை எல்லாம் கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட்டது.

நான் அனுப்பும் மெசேஜை நீ பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் ஆட்களின் இணையப் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிக்கிறாய். அதனால் இதை அங்கேயே போடுகிறேன். அங்கே யாரும் யாருடைய நிஜப் பெயரையும் எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். நல்ல விதி, அதை மீறமாட்டேன். அங்கே உனக்கு நத்தை என்று பெயர். நான் நத்தையின் அம்மா. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் சுற்றி, ஒரு தினசரிக்குச் செய்தி எழுதியே வயதானவள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதத்தான் எனக்கு வரும். இதையும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ பள்ளியில் படித்தபோது டி.வி.யில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. கடலுக்கு அடியில் ஓடும் ஒரு ரயில். அதில் நீரா என்ற அக்காவும் குட்டான் என்ற தம்பியும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்கு முன்பே அந்தத் தொடர் நின்றுபோனது. நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் உன் அப்பா. சரியாகவில்லை. நீ வளர்ந்து, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், மீசையில் ஒரு நரையும் வந்த பிறகு, அந்த ரயிலை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க உட்கார்ந்தாய். உன்னைப் போலவே காத்திருந்தவர்கள் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கரப்பான், தயிர்சாதம், வெண்டைக்காய் என்று ஆளுக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரே கதையை வரைந்தீர்கள்.

நான் அப்போது நிருபர் மாதிரிதான் கேட்டேன். யார் சம்பளம் தருகிறார்கள்? யாரும் இல்லை. கதை யாருடையது? வேறு யாருடையதோ. விற்கலாமா? கூடாது. முடித்துக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? நீ சிரித்தாய். "யாரும் கேக்கலைங்கிறதுதாம்மா இதுல விசேஷமே" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. யாராவது கேட்டால் செய்கிற வேலைகளையே பார்த்துப் பழகியவளுக்கு, யாரும் கேட்காத ஒன்றை ஒருவன் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கேட்க ஆளில்லாத வேலையில், போதும் என்று சொல்லவும் ஆளிருக்காது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

நீங்கள் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வீர்கள். அதனால் பங்கு மாறும்போதெல்லாம் நீராவின் மூக்கும் மாறும். கம்பெனிப் படத்தில் அது பிழை. உங்கள் ஆட்களோ மூக்கைப் பார்த்தே, இது கரப்பான் போட்டது, இது தயிர்சாதம் போட்டது என்று சொல்லிக் கைதட்டுவார்கள். நீராவுக்குக் குரல் கொடுத்தவள் வெண்டைக்காய். வெளிச்சத்தம் கேட்காமல் இருக்க பீரோவுக்குள் தொங்கும் புடவைகளுக்கு நடுவே நின்று பேசி அனுப்புவாள். ஒருநாள் என் போனுக்கே கூப்பிட்டு, "அத்தை, நான் வெண்டைக்கா பேசறேன், உங்க புள்ள போனை எடுக்க மாட்டேங்கிறாரு" என்றாள். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே சிரித்துவிட்டேன். அவளுடைய நிஜப் பெயரை நான் முதலில் படித்தது உங்கள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளில்தான்.

உன் அப்பா போனபோது அந்த முகம் தெரியாத ஆட்கள் செய்ததை நான் மறக்கவில்லை. அவர் ஆவடி ஸ்டேஷனில் உனக்காக நிற்பார் என்று நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய். ஆளுக்கு நாலைந்து படம் போட்டு, பிளாட்பாரத்தில் ஒரு மனிதர் நிற்பது போலவும், ரயில் வருவது போலவும், அவர் கையைத் தூக்குவது போலவும் ஒரு சின்னப் படம் செய்து உனக்கு அனுப்பினார்கள். அவரை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் அவர்கள். மூக்கு மாறிக்கொண்டே இருந்தது, சட்டையின் கட்டம் மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் கை தூக்கியது அவர்தான். நீயும் நானும் சோஃபாவில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். உன் ஆட்களைப் பற்றி இனி நான் எது எழுதினாலும் இதை அடித்துவிட்டு எழுதமாட்டேன்.

அவர்களிடம் இன்னொரு நல்ல விதியும் இருந்தது. எதைப் பார்த்து வரைந்தாயோ அதைப் படத்தின் கடைசியில் சொல்லியாக வேண்டும். யாரோ எடுத்த மேகப் போட்டோவா, அவர் பெயர். அரக்கோணத்தில் பதிவு செய்த ரயில் சத்தமா, அவர் பெயர். சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு, அந்த ஆளை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதைப் பெருமையாக எனக்குச் சொன்னவனே நீதான். ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப இதற்கு வருவேன்.

போன வருஷம் உன் கதையில் நீரா செத்துப்போனாள். அவளை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்தாய். கடலுக்கு அடியில் ஓடும் ரயிலுக்குள் நம் ஊர்ப் பெட்டி. கண்ணாடி மூடி, அதில் படியும் ஆவி, முகம் பார்க்க வந்தவர்கள் அதை உள்ளங்கையால் துடைப்பது, மோட்டாரின் உறுமல், நடுவில் கரண்ட் போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பது. அத்தனையும் இந்தச் சேக்காட்டு வீட்டு ஹாலில், உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ பார்த்தவை. உன் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் இப்படி நிஜமாக யாருமே வரைந்ததில்லை என்றார்கள். பாதிப் பேர் உன்னைத் திட்டினார்கள். ஒருவன் தெருமுனை போஸ்டர் மாதிரியே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, மாலைக்கு நடுவில் ஒரு நத்தையை வரைந்து வைத்தான். நீ அதை எனக்குக் காட்டிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் நீ இரண்டு பேச்சையும் ஒரே பசியோடு படித்துக்கொண்டிருந்தாய் என்பதையும் கவனித்தேன்.

அடுத்த பாகத்தில் சாவுச் செய்தி வீட்டுக்குப் போக வேண்டும். நீராவின் அம்மா கதவைத் திறக்கிற காட்சி. முன்னோட்டம் போட்டாய். அம்மா முகம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று ஒருவன் எழுத, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் அம்மா என்றே எழுதினார்கள். அசைவு சரியாக வர, யாரையாவது நடிக்கச் சொல்லிப் போனில் எடுத்து, அதன்மேல் படம் படமாக வரைவது உங்கள் வழக்கம். ரெஃபரன்ஸ் என்பீர்கள். என்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, திறந்ததும் அதிர்ச்சி அடையச் சொன்னாய். நான் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்தேன். "சீரியல் மாதிரி இருக்குமா" என்றாய். திரும்பச் செய்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. போனை மூடிவிட்டு, "உனக்கு நிஜமா வராதும்மா, முன்னாடியே தெரிஞ்சிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

அதற்கு அடுத்த வாரம் நம் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திறந்தேன். படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நான்கு பேர். நடுவில் அந்தப் பெட்டி. முன்னால் நின்றவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக, மெதுவாகக் கேட்டார்.

"ஊடு இதானேம்மா? பாடி எங்க கீது?"

வீட்டில் நான் ஒருத்தி, நீ ஒருவன். நான் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்குள் போன கணக்கு அவ்வளவுதான். நீ குளிக்கப் போன பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாய். வந்து அந்த மனிதர்களைச் சத்தம் போட்டாய். அவர் தன் போனில் வந்த நம்பரைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார், நீ கேட்கவில்லை. அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் திரும்ப இறங்கினார்கள். "என்னைத் திட்டறாங்கல்ல, அவனுங்க வேலைம்மா" என்றாய். செருப்பு ஸ்டாண்டின் மேல் உன் பழைய போன், பாலிஷ் டப்பாவில் சாய்ந்து நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

அதன்பிறகு மணி அடித்தால் நான் திறப்பதில்லை. உள்ளேயிருந்தே யார் என்று கேட்பேன். பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் அதே கேள்வி. சிலிண்டர் போடுகிறவர், "இன்னாமா, ஊட்ல தங்கம் ஒளிச்சு வச்சிகினு கீறியா" என்று கேலி செய்தார். கதவுக்குச் சங்கிலி வாங்கி வந்தேன். அதைப் பொருத்தியது நீ. ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே, "இப்போ பயமில்லைல்ல" என்று கேட்டாய். இதை எழுதும்போது என் கை நிற்கிற இடம் இதுதான். பெட்டியை வரவழைத்ததைக்கூட எப்படியோ புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். அந்தச் சங்கிலியை எப்படிப் பொருத்தினாய்?

உன்னைத் திட்டியவர்களில் யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த போன் நம்பர் மனதில் இருந்தது. அந்த வண்டிக்காரரை ஒரு டீக்கடையில் பிடித்தேன். அவர் என் காலில் விழாத குறையாக வருத்தப்பட்டார். கூப்பிட்ட நம்பர் அணைந்து கிடந்தது, அதனால் அந்த ஆள் என்ன சொன்னான் என்று கேட்டேன். "லிஃப்ட் ஓடாது, நாலு ஆளா வாங்கன்னாரு. கதவ அம்மாதான் தொறப்பாங்க, அவங்களாண்டயே கேளுங்க, வேற யார்கிட்டயும் கேக்காதீங்கன்னாரு." லிஃப்ட் பழுது அந்த ஒரு வாரம்தான். அப்படியானால் வீட்டுக்கு வந்து போனவன். குரல் பதிவு செய்ய அந்த வாரம் உன் உள்ளூர் நண்பர்கள் சிலர் வந்தார்கள், என் கையால் சாப்பிட்டார்கள். அவர்கள் எல்லோரும் உன் படத்தில் பேசியிருக்கிறார்கள். போனில் படத்தைப் போட்டு அவர் காதில் வைத்தேன். ஒவ்வொரு குரலுக்கும் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், ரயில் கார்டு பேசுகிற இடத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதாம்மா."

சரியாகக் கேளுங்கள் என்றேன். "தப்பாவாதும்மா. சாவு ஊட்லேர்ந்து போன் பண்றவங்க அய்வாங்க, இல்ல கத்துவாங்க. இந்த ஆளு ரொம்பப் பொறுமையா பேசினாரு. அதான் மனசுல நின்னுகிச்சு."

ரயில் கார்டுக்குக் குரல் கொடுத்தவன் நீ. குரல்கள் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். ஆதாரம் போதவில்லை என்று செய்தியைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியர் மாதிரி, என்னையே திருப்பி அனுப்பினேன். பிறகு உன் படம் வந்தது. கதவு திறக்கிறது. அம்மாவின் முகம் பாதிதான் தெரிகிறது, மீதி கதவுக்குப் பின்னால். ஆனால் கை முழுதாகத் தெரிகிறது. தாழ்ப்பாளை விட மறந்த கை. மோதிர விரல் கோணல். என் மோதிர விரல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜீப் கதவில் நசுங்கிக் கோணியது. விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இட்லி மாவு. கடலுக்கு அடியில் ஏதடா இட்லி மாவு? படத்தின் கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. மேகத்துக்கு நன்றி, ரயில் சத்தத்துக்கு நன்றி, பீரோவுக்குக்கூட நன்றி. கதவுக் காட்சிக்கு நேராக எந்தப் பெயரும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் உன் அறைக்கு வந்தேன். அந்தக் கை என்னுடையதுதானே என்று கேட்டேன். நீ மறுப்பாய் என்று நினைத்தேன், அல்லது அழுவாய் என்று. நீ நாற்காலியைத் திருப்பி, கண்ணெல்லாம் வெளிச்சமாக என்னைப் பார்த்தாய்.

"ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல?"

"நீதானம்மா சொன்ன, முகத்தப் பாக்காத, கையப் பாருன்னு" என்றாய். சொன்னேன்தான். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷினில் சிக்கி ஒரு பையன் இறந்தபோது, போட்டோ வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து ஆள் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். அவன் அம்மா கதவைத் திறந்து, என்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். தாழ்ப்பாளை விடாத அவள் கையைப் பற்றி எழுதினேன். ஆபீஸில் பாராட்டினார்கள். பல வருஷம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் அதை உனக்கு ஒரு தொழில் பாடமாகச் சொன்னேன். அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று நீ கேட்டாய். தெரியாது என்றேன். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் கதையை நிறுத்தியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது என்பதுதான் அதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பை அன்று உன் அறையில் செய்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்பா போன பிறகு உன் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை. அதை அணைக்க மனசு வரவில்லை. "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் கேட்காத வேலையில் போதும் என்று சொல்ல இருந்த ஒரே ஆள் நான். நான் சொன்னது நல்லா வந்திருக்கு என்பதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்கலாம். இந்த நடிப்பு எப்படிக் கிடைத்தது என்று ஒருவன் கேட்டான். ரெஃபரன்ஸ் நிஜமாக இருக்க வேண்டும் என்று நீ பதில் போட்டு, கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டாய். நீ சொல்லாததையும் அவர்கள் புரிந்துகொண்டார்கள். அடுத்த வாரமே ஒரு பையன், தங்கைக்குப் பரீட்சை போய்விட்டது என்று பொய் சொல்லி, அவள் அழுவதை எடுத்துப் போட்டான். இன்னொருவன் அம்மாவிடம் விபத்து என்று சொல்லியிருக்கிறான். அவள் போனைத் தேடி வெறுங்காலோடு வாசலுக்கு ஓடுகிறாள். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அந்த ரயில் வீடு சேர வேண்டும் என்று காத்திருக்கிற பிள்ளைகள்தான். எனக்குப் பயம் தருவதே அதுதான். கெட்டவன் என்றால் எங்கேயாவது சலித்து நின்றுவிடுவான்.

இன்று மத்தியானம் மண்ணூர்பேட்டை வண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, அதே கொரலு. நம்பர் வேற. பூந்தமல்லி அட்ரஸ் குடுத்துக்கீறாரு. நாளைக்குக் காலைல வரணுமாம்." பிறகு அவரே கேட்டார். "சாவுக்கு யாரும்மா நாளைக்குன்னு புக் பண்ணுவா?"

முகவரியைச் சொன்னார். அது நாளை நீ சாமான்களோடு குடிபோகிற வீடு. கல்யாணத்துக்கு முன்பே மாடியை ஒழுங்கு பண்ணி வைக்கலாம் என்று வெண்டைக்காய் வீட்டார் உனக்காகத் திறந்துவிட்ட வீடு. வெண்டைக்காயின் அப்பா கீழே முன் ஹாலில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் பகலெல்லாம் இருப்பார். நெஞ்சைப் பிளந்து தைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொன்னதை நம் எதிரில்தான் சொன்னார்கள். உன் அறைச் சுவரில் கடைசிப் பாகத்தின் காட்சிகளைக் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறாய். மணி அடிக்கிறது. நாற்காலியில் இருக்கும் அப்பா எழுந்து வருகிறார். அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது. அதை எதற்காகக் காலியாக விட்டிருக்கிறாய் என்று இன்று மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. நீ கட்டிவைத்த பையின் மேல்பக்கம் அந்தப் பழைய போனும், அதை நிறுத்தி வைக்க ஒரு சின்ன ஸ்டாண்டும் இருக்கின்றன.

எனக்குத் தெரியாததையும் எழுதுகிறேன். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நம்புகிறேன். இந்தப் பக்கத்தில் அவளும் இருக்கிறாள், படிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு படிப்பது நல்லது. நாளை என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமல், அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு தண்ணீர் குடித்து எழுந்துவிடலாம். உன் படமும் நன்றாக வரலாம். அப்போது அடுத்ததாக யார் கதவு என்று நீ தேடுவாய். இந்த வண்டிக்காரர் வரமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் பூந்தமல்லியில் வேறு வண்டிகள் இருக்கின்றன, உனக்குப் பொறுமையாகப் பேச வரும்.

நிச்சயத்தன்று வெண்டைக்காயின் அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நாம் போய்ச் சேர நேரமாகிவிட்டது. மணி அடித்தபோது உள்ளே அவர் குரல்தான் முதலில் கேட்டது. "மாப்ளதான், மாப்ளதான். யாரும் எய்ந்துக்காதீங்க, நான்தான் தொறப்பேன்." நாளை மணி அடிக்கும்போதும் அவர் அப்படித்தான் எழுந்து வருவார். நீ வந்திருக்கிறாய் என்று நினைத்துத்தான் வருவார். உனக்கு வேண்டிய முகம் அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. அதற்கு முந்திய நொடியில் இருக்கிற முகத்தை நீ பார்த்திருக்கிறாய், உனக்கு அதை வரையத் தோன்றவில்லை.

இன்றைக்கே கூப்பிட்டு வண்டி வேண்டாம் என்று நீயே சொல், வேறு வண்டியையும் தேடாதே. இந்தப் பக்கத்தில், கதவுக் காட்சிக்கு நேராக, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது என்று எழுது. உன் விதிதான் அது. அதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவுகளை விட்டுவிடுவார்கள், உன்னை அவர்கள் அவ்வளவு நம்புகிறார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நாளை நீ கிளம்புவதற்கு முன்பே நான் கிளம்பிவிடுவேன். சம்பந்தி வீட்டுக்குக் காலையிலேயே வருவதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். அவரை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். மணி அடித்தால் கதவை நான்தான் திறப்பேன். வாசலில் உன் பெட்டி படுக்கையோடு நீ மட்டும் நின்றால், உள்ளே வா என்று சொல்வேன், அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், மாடிக்குச் சாமான் ஏற்ற உதவுவேன். வேறு எது நின்றாலும், வாசலுக்கு வெளியே செருப்பு வைக்கிற இடத்தை முதலில் பார்ப்பேன். நீ சத்தமில்லாமல் வந்து போனை எங்கே நிறுத்தி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டு அதை நேராகப் பார்ப்பேன். அதன்பிறகு நீ உட்கார்ந்து, நொடிக்குப் பன்னிரண்டு தடவை, உன்னைத் தெரிந்துகொண்ட உன் அம்மாவின் முகத்தை வரைய வேண்டியிருக்கும்.